வந்தவரும் வாழ்ந்தவரும்



உன்னிச்சைக் குளத்து நீர் வட்டைகளில் முறைப்படி பாயும். காணிக்காரர் எத்தெய்வத்தைத் தொழுபவர் என்று பார்த்து வட்டவிதானையார் நீர் விடுவதில்லை. மனிதரை ஏற்பதிலும் இத்தகைய முறை இப்பக்கத்து நாடுகளில் இருந்ததுண்டு. யூதரின் வரலாறு அதற்குச் சான்று.

கி.பி. 1000 அளவில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வட்டெழுத்திலே செப்பேடு அளித்தான். அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவுக்குரிய தகுதியும் 72 உரிமைகளும் அதில் உள்ளன. பகல்விளக்கு, பல்லக்கு, குடை, முரசு ஆகியவை பெருமக்களுக்கே உரிய சிறப்புகள். அவை அவர் வழியினருக்கும் நிலைக்கும் என்று மன்னன் எழுதிக் கொடுத்தான். ஒதுங்கி வாழ ஓர் ஓரத்தைக் காட்டியதோடு அவன் நின்றுவிடவில்லை.

இலங்கையைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. 1154இல் சிசிலி அரசவையில் நூலெழுதிய அல் இத்ரீசி, செரந்தீப் மன்னனுக்கு 16 அமைச்சர் என்கிறார். மன்னன் இனத்தவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள், யூதர் என வகைக்கு நால்வர். அவர் இங்கு வந்து கண்டவரல்லர். ஆயினும் இத்தீவைப் பற்றித் தொலைநாட்டில் பரவியிருந்த பெயர் அதுவே.

பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர். கொச்சி மன்னன் தன் அரண்மனைக்கு அருகே கொடுத்த நிலத்தில் 1568இல் எழுந்த யூத ஆலயம், 1662இல் அவர்களால் தீக்கிரையானது. அதே போர்த்துக்கேயர் 1626இல் இலங்கைக் கரையோர முஸ்லிம்களைத் துரத்தினர். கண்டியரசன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்பிலே குடியமர்த்தினான் என்பர். வந்தவர்கள் இம்மண்ணவராயினர். தாய்வழிக் குடிமுறை இன்றும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாய் உள்ளது.

அந்த மண்ணில்தான் 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டனர். இரு இனத்தவரும் தலைமுறைகள் வாழ்ந்த ஊர்களை விட்டு ஓடினர்.

கொச்சி யூதரும் ஊரை விட்டுப் போனவர்களே. 1950களில் அவர்களுட் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றனர். அயலவர் எவரும் அவர்களை விரட்டவில்லை. போனவர் பிறந்த ஊரின் மலையாளப் பாடல்களையும் உடன் கொண்டுபோயினர். கொச்சியில் மீண்டும் எழுப்பிய ஆலயம் இன்றும் நிற்கிறது. 1968இல் அதன் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார்.

வந்தவரை ஒரு நாடு எப்படி வைத்திருந்தது என்பதை, அவர்கள் போன விதமும் சொல்லும். பாட்டோடு போனார்களா, பயத்தோடு போனார்களா? மட்டக்களப்பார் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.