உப்புக் காற்றும் பிளக் வயரும்

பிளக் வயர் நல்லதா கெட்டதா என்பதை இருட்டில்தான் பார்க்க வேண்டும். இலங்கையின் கற்பிட்டிக் கரையில் விடியுமுன் படகு தள்ளுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இஞ்சின் மூடியைக் கழற்றி, டார்ச்சை அணைத்து, ஒருவர் கயிற்றை இழுக்க, மற்றவர் வயரையே பார்த்துக்கொண்டு நிற்பார். மேலுறையில் எங்காவது வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் நீலமாக ஒரு கீற்றுத் துடிக்கும். சிலிண்டருக்குள் விழ வேண்டிய பொறி வழியிலேயே இரும்புக்குத் தாவுகிறது என்று அர்த்தம். பகல் வெளிச்சத்தில் அதே வயர் புத்தம் புதிது போலத் தெரியும்.

சிலாபத்திலிருந்து உடப்பு, நுரைச்சோலை, தலவில, கந்தக்குளி வழியாகக் கற்பிட்டி முனை வரை நீளும் இந்தக் கரையில் மீன்பிடி இயந்திரமயமான கதையைச் சொல்பவர்கள் படகுகளையும் கடன் திட்டங்களையும் வெளிநாட்டு உதவிகளையும் பற்றித்தான் சொல்வார்கள். அவை எல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொரு விடியலிலும் அந்த இயந்திரமயம் நின்றதும் நடந்ததும் ஒரு முழ நீளமுள்ள வயரை நம்பித்தான்.

இஞ்சின் வருவதற்கு முன்பு இங்கே காற்றுதான் எசமான். சோளகம் எழும்பினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறும். வாடைக்காலம் வந்தால் கடல் அடங்கும். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் பருவம் பார்த்து வடக்கே வந்து, கற்பிட்டிக்கு அப்பால் உள்ள தீவுகளில் வாடி அடித்துத் தங்குவார்கள். பாய் விரித்த வள்ளமும் தெப்பமும் போய் வரும் தூரத்தைக் காற்று அளந்து கொடுத்தது. உடப்பில் கரைவலை இழுத்தவர்களுக்கு அம்பாப் பாட்டு இருந்தது. பாட்டின் தாளத்துக்குத்தான் கைகள் சேர்ந்து இழுத்தன. மனித மூச்சே அன்றைய எரிபொருள்.

1950களில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அனுப்பிய ஐனார் குவாரன் போன்ற பொறியியலாளர்கள் இலங்கை மீன்பிடிப் படகுகளில் இஞ்சின் பூட்டும் வேலையில் இறங்கினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 28 அடி நீளமான மூன்றரைத் தொன் படகுகள் கடனுக்குக் கிடைக்கத் தொடங்கின. உள்ளே பூட்டிய டீசல் இஞ்சின். டீசலுக்குப் பிளக்கே இல்லை. காற்றை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரித்துவிடும். கடலுக்கு இதைவிடப் பொருத்தமான இஞ்சின் இல்லை என்றே எந்தப் பொறியியலாளரும் சொல்வார்.

கரை அதற்கு இடம் கொடுக்கவில்லை. கந்தக்குளியிலோ உடப்பிலோ மூன்றரைத் தொன் படகைக் கட்டி வைக்கத் துறைமுகம் எங்கே? திறந்த கடல், உடையும் அலை, வெறும் மணல். மாலையில் படகை ஆட்கள் கூடி மேட்டுக்கு இழுத்துவிட வேண்டும். படகின் அடியில் நிலையாக நிற்கும் இஞ்சின் காற்றாடி மணலில் உழும். ஆகவே ஆழமான துறை உள்ள இடங்களுக்குப் பெரிய படகு போயிற்று. மணற்கரைக்கு வந்தது, பின்பலகையில் தொங்கும் இஞ்சின். அலை உடையும் இடத்தில் அதைத் தூக்கி மடக்கலாம். கரைக்கு வந்ததும் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோகலாம். 1960களின் இறுதியில் யாழ்ப்பாணத்துக் காரைநகரில் நோர்வே உதவியோடு எழுந்த சீநோர் பட்டறையும் அதைத் தொடர்ந்தவையும் கண்ணாடி இழைப் படகுகளை வார்க்கத் தொடங்கின. பதினெட்டு அடி வரையான அந்த இலேசான உடலும் தொங்கு இஞ்சினும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தின.

இந்த இஞ்சினின் பரம்பரை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1909இல் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த படகு இஞ்சின்தான் இந்த வகையை உலகெங்கும் பரப்பியது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியில் பொஷ் நிறுவனத்தில் கோட்லொப் ஹொனல்ட் உயரழுத்த மக்னீட்டோவைச் செய்து முடித்திருந்தார். சுழலும் காந்தமே கொயில் என்ற கம்பிச் சுருளில் மின்சாரம் பிறப்பிக்கும். பற்றரி வேண்டாம். உப்புத்தண்ணீர் தெறிக்கும் சிறுபடகுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. யமஹா தன் முதல் படகு இஞ்சினை 1960இல் வெளியிட்டது. பின்னாளில் இலங்கைக் கரைகளில் அதிகமாகக் காதில் விழுந்த பெயர்களில் அதுவும் சுசுக்கியும் அடங்கும்.

பற்றரி இல்லை. ஆனால் காந்தத்திலிருந்து பிளக்குக்குப் போக ஒரு வயர் வேண்டுமே. தொல்லை அங்கேதான் குடியிருக்கிறது. கொயிலிலிருந்து புறப்படும் மின்சாரம் பத்தாயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் கொண்டது. அவ்வளவு அழுத்தம் எந்த ஓட்டையையும் தேடும். உப்புப் படிந்த ஈரம் அதற்குப் பாதை போட்டுக்கொடுக்கும். இது வெறும் கடற்கரை அல்ல, உப்புக்கே பேர்போன புத்தளம். ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் இங்கு விளைந்த உப்பு கால்வாய் வழியே வள்ளங்களில் கொழும்புக்குப் போனது. உப்பளத்து வெயிலும் காற்றும் வருமானம். அதே காற்று இஞ்சின் மூடிக்குள் புகுந்தால் வயரின் செப்பு இழைகள் பச்சை பூத்துப் பொடியாகும். பிளக் தொப்பிக்குள் இருக்கும் பித்தளைத் திருகும் களிம்பேறும்.

இதோடு மண்ணெண்ணெய் சேர்ந்தது. பெட்ரோலைவிட மலிவு என்பதால் மீனவர் அதையே நம்பினார்கள். ஆனால் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. குளிர்ந்த இஞ்சினைப் பெட்ரோலில் எழுப்பி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரை சேருமுன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, காபரேட்டரில் தேங்கியதை எரித்துவிட வேண்டும். அதை மறந்தவருக்கு மறுநாள் விடியற்காலையில் தோள்பட்டை வலிக்கும். சரியாக எரியாத எண்ணெய் பிளக்கின் முனையில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். அந்தக் கரி வழியாகவும் மின்சாரம் கசியும். முனைகள் தேய்ந்து இடைவெளி அகன்றால் பொறி பாய இன்னும் கூடுதல் அழுத்தம் வேண்டும், அந்தக் கூடுதல் அழுத்தம் வயரில் வெடிப்பைத் தேடும். பிளக்கின் நோய் வயரைக் கெடுக்கும், வயரின் நோய் பிளக்கைக் கரியாக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகப் போனவர் நடுக்கடலில் மற்றதன் கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும்.

இப்படித்தான் இந்தக் கரையில் புதிதாக ஒரு தொழில் பிறந்தது. இலங்கையில் கைவேலை வல்லவரை ‘பாஸ்’ என்று அழைப்பார்கள். தலைமைத் தொழிலாளியைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல் அது, கற்பிட்டிக் கோட்டையைக் கட்டியவர்கள் விட்டுப்போனது. மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்ற வரிசையில் இஞ்சின் பாஸ் என்பவரும் சேர்ந்தார். பெரும்பாலும் ஓலைக் கொட்டில், ஒரு மேசை, எண்ணெய் பிடித்த தகரப் பேணியில் பழைய பிளக்குகள். பிளக்கைக் கழற்றி முனையைப் பார்த்தே இஞ்சினின் உடல்நிலையைச் சொல்வார்: மண்ணிறம் என்றால் சுகம், கறுப்பு ஈரம் என்றால் எண்ணெய் அதிகம், சுண்ணாம்பு வெள்ளை என்றால் சூடு மிஞ்சுகிறது. கம்பித் தூரிகையால் கரியைத் தட்டி, பெட்ரோலில் கழுவி, அளவுத் தகடு கையில் இல்லாவிட்டால் இரும்பறுக்கும் வாளின் அலகைச் செருகி இடைவெளியை அளப்பார்.

வயருக்கு வேறு வைத்தியம். தொப்பியைத் திருகிக் கழற்றி, பச்சை பிடித்த நுனியை அரை அங்குலம் வெட்டி எறிந்தால் உள்ளே இன்னும் சிவந்த செப்பு தெரியும். அதில் தொப்பியைத் திரும்ப முறுக்கி, வாயில் கிறீஸ் பூசி மூடினால் இன்னும் சில மாதம் ஓடும். இரட்டைச் சிலிண்டர் இஞ்சினில் எந்த வயர் எந்தச் சிலிண்டருக்கு என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிச் செருகினால் இஞ்சின் இருமும், பின்னால் உதைக்கும், எழும்பாது. தொழிலுக்குப் போய் வந்ததும் நன்னீரால் இஞ்சினைக் கழுவுவதே சிறந்த காப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குடிக்கவே நன்னீரை அளந்து செலவழிக்கும் தீவு வாடிகளில் இஞ்சினுக்கு எங்கிருந்து ஊற்றுவது?

இந்த இஞ்சின்கள் மீனை மட்டும் கரை சேர்க்கவில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து ஏராளமானோர் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். குழந்தைகளும் முதியவர்களும் மீன்பிடிப் படகுகளில் கடந்த கடல் அது. அந்த நாட்களில் ஒவ்வொரு பொறியும் ஒரு குடும்பத்தைக் கரை சேர்த்திருக்கிறது. அப்படி வந்தவர்களில் கடல் தொழில் தெரிந்தவர்கள் பின்னர் இந்தக் கரையின் களப்பிலும் கடலிலும் வாழ்வைத் திரும்பத் தொடங்கினார்கள்.

மலிவாக இருந்த மண்ணெண்ணெயின் காலம் நீடிக்கவில்லை. 2012 பெப்ரவரியில் ஒரு லீற்றர் 71 ரூபாயிலிருந்து 106 ரூபாயாக ஏறியது. சிலாபத்தில் மீனவர் வீதிக்கு இறங்கினர். அந்த மாதம் 15ஆம் திகதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். பத்தாண்டு கழித்து, பொருளாதாரம் சரிந்த 2022 ஓகஸ்டில், இடையில் இறங்கி 87 ரூபாயாக இருந்த அதே மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாயானது. டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போயிருந்த ஆண்டு அது. இறக்குமதியாகும் பிளக், கொயில், தொப்பி எல்லாம் சேர்ந்து ஏறின. எண்ணெய் விலையைப் பற்றி ஊர் பேசியது, செய்தி வந்தது. உதிரிப்பாகத்தின் விலை பாஸின் மேசையில் மட்டுமே பேசப்பட்டது.

அந்த மேசைக்கு வரும் புதிய கொயில்கள் பலவற்றில் வயர் தனியாக வருவதில்லை, கொயிலோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். பழைய வகையில் வயரை மட்டும் உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். இதில் அது முடியாது. ஒவ்வொரு பருவமும் பச்சை பிடித்த நுனியை அரை அங்குலம் வெட்ட வேண்டும். வெட்ட வெட்ட வயர் குட்டையாகும். ஒருநாள் எவ்வளவு இழுத்தாலும் தொப்பி பிளக்கை எட்டாது. அப்போது வயருக்காகக் கொயிலையே வாங்க வேண்டும். அதனால்தான் பாஸ் கத்தியை எடுக்குமுன் வயரைப் பிளக்குவரை நீட்டிப் பார்த்து, இன்னும் எத்தனை வெட்டுத் தாங்கும் என்று படகுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வெட்டுகிறார்.