ஆராய்ச்சிக்கூடமும் ஜீவகாருண்யமும்

பெங்களூரில் வாழும் தமிழருக்கு அடுகோடி புதிய பெயரன்று. ஓசூர்ச் சாலை வழியே ஊருக்குப் போய்வருவோர் அங்குள்ள பால்வள ஆராய்ச்சி நிலையத்தைப் பன்முறை கடந்திருப்பர். கால்நடை வளர்ப்புக்கும் பால்வளத்துக்குமென 1923 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சி தொடங்கிய நிலையம் அது. 1955 இல் தலைமையகம் கர்னாலுக்கு மாறவே, இது தென்மண்டல நிலையமாயிற்று. 1927 இல், உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் இங்கு வந்து பசுப் பராமரிப்பைக் கற்றார். உயிருள்ள பிராணிகளை அறுத்துச் சோதிப்பதை அடியோடு வெறுத்தவர் அவர்.

அதே அடுகோடியில் 1995 இல் கால்நடைகளின் ஊட்டத்தையும் உடலியக்கத்தையும் ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்று தோன்றியது. ஒரு தீவனம் மாட்டுக்கு எவ்வளவு செரிக்கும் என்றறிய, பழைய முறைப்படி மாடுகளைப் பல நாள் தனியே கட்டிவைத்து, தின்றதையும் கழித்ததையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். ஜெர்மனியில் 1970களில் உருவான முறை ஒன்று உண்டு. மாட்டின் முதல் இரைப்பையிலிருந்து எடுத்த நீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி, ஒரு சிட்டிகைத் தீவனத்தூளை இட்டு, மாட்டின் உடற்சூட்டுக்கு ஒத்த 39 பாகையில் வைப்பார்கள். எழுகின்ற வாயுவின் அளவே செரிமானத்தைக் கூறிவிடும். அடுகோடி ஆய்வாளரும் இம்முறையைக் கையாண்டு வருகின்றனர். அந்த இரைப்பை நீர் எங்கிருந்து வருகிறது என்று நேயர்கள் கேட்கக்கூடும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இத்தகைய மாற்று முறைகளுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடம் பிறந்த வரலாறு, மதுரையிற் பிறந்த ஒரு பெண்மணியிடம் தொடங்குகிறது. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலைப் பரதநாட்டியத்துக்காக நாம் நினைவிற் கொள்கிறோம். 1952 இல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினரான அவர், மறு ஆண்டே பிராணிவதைத் தடுப்புக்கெனத் தனி மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். அவ்வுறுதி 1960 இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டமாக நிறைவேறியது.

அறிவு வளர்ச்சிக்காகப் பிராணிகள்மீது செய்யும் சோதனையை அச்சட்டம் தடுக்கவில்லை. மேற்பார்வைக் குழு அமைக்க வழிசெய்து, இயலும் இடங்களிலெல்லாம் சோதனையைத் தவிர்க்கவேண்டும் என்று மட்டும் விதித்தது. நூலும் மாதிரி உருவமும் திரைப்படமும் போதுமாயின், கல்லூரியிலும் மருத்துவப் பள்ளியிலும் பிராணி எதற்கு என்பது அதன் கருத்து. அரசாங்க வாசகங்களை மொழிபெயர்த்துப் பழகிய நமக்கு, ‘இயலும் இடங்களிலெல்லாம்’ என்பது எவ்வளவு நெகிழ்ந்த தொடர் என்பது தெரியும். இயலாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் முடிந்தது. அங்கே சட்டத்தைவிட விஞ்ஞானத்துக்கே வேலை மிகுதி.

இதற்குக் குன்னூரைவிட நல்ல சான்று வேறு தேடவேண்டுவதில்லை. அங்குள்ள பாஸ்டர் நிலையம் 1907 இல் திறக்கப்பெற்றது. வெறிநாய்க்கடிக்கு ஆட்டு மூளையிலிருந்து மருந்து செய்யும் முறையைக் கசௌலியில் டேவிட் செம்பிள் 1911 இல் வகுத்தார். ஆட்டின் மூளையில் நோய்க்கிருமியைச் செலுத்தி, நோய் முற்றியபின் அதனைக் கொன்று, மூளையை அரைத்து, இரசாயனத்தாற் கிருமியை அழித்து மருந்தாக்குவர். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் வீடுகளில் குழந்தைகளை அச்சுறுத்தியது இம்மருந்தைக் கொண்டுதான். அச்சம் வீண் அன்று. மருந்திற் கலந்த மூளைத்திசு, சிலருக்குக் கை கால்களை முடக்கியது, உயிரிழந்தோரும் உண்டு. ஆயினும் போடாமல் நோய் கண்டுவிட்டால் மரணம் உறுதி. ஆகவே எவரும் மறுக்கவில்லை.

1962 இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆப்பிரிக்கக் குரங்கொன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்கள், வெரோ என்னும் பெயருடன் கண்ணாடிக் கலத்தில் இன்றளவும் பெருகி வருகின்றன. அவற்றில் கிருமியை வளர்த்துச் செய்யும் மருந்தில் மூளைத்திசு இல்லை, முடக்கமும் இல்லை, ஊசிகளும் குறைவு. 2004 ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்டு மூளை மருந்து இந்தியாவில் நிறுத்தப்பெற்றது. குன்னூரிலும் வெரோ உயிரணுவே மருந்துக்கு ஆதாரமாயிற்று. ஆடும் பிழைத்தது, கடிபட்டவனும் முடக்கமின்றிப் பிழைத்தான். எனினும் மருந்தின் வீரியத்தை அறியச் சுண்டெலியை நாடும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை.

பிற மாற்றங்கள் விரைந்து வந்தன. 2014 இல் அழகுப் பொருள்களைப் பிராணிகள்மீது சோதிப்பதைச் சட்டம் விலக்கிற்று. அவ்வாண்டே பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் பிராணிகளை அறுப்பதை நிறுத்தப் பணித்தது. தவளைக்கு அது நற்செய்தி. 2023 இல் திருத்தப்பெற்ற புது மருந்து விதிகள், பிராணிச் சோதனைக்கு மாற்றாக மனித உயிரணுக்களைக் கொண்டும் கணிப்பொறியைக் கொண்டும் செய்யும் ஆய்வுகளை ஏற்க இடமளித்தன.

இனி, அந்த இரைப்பை நீர். விலாவில் துளையிட்டு மூடி பொருத்திய மாட்டிலிருந்து அதனை எடுப்பதே பெருவழக்கு. நூற்றுக்கணக்கான குழல்களுக்கு ஓரிரு மாடுகள் போதும். இறைச்சிக்கூடத்தில் வெட்டுண்ட மாட்டின் இரைப்பை நீரைக் கொண்டு இதே சோதனையைச் செய்து பார்ப்போரும் உண்டு.