மெருகிடும் பொறியின் கதை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் அழகிய பெயர்களை இட்டனர். ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து படுவான்கரையை அடைவோரை முதலில் வரவேற்கும் ஊர் வவுணதீவு. வாவியும் வயலும் சூழ்ந்த இவ்வூரில், பாலம் அமையாத காலத்தில் தோணியே வாகனமாயிருந்தது. இன்று பாலத்தின்மீது மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. அவ்வண்டிகளின் வர்ணத்துக்கோ பகைவர் மூவர்: வாவியின் உவர்க்காற்று, கிறவல் வீதிகளின் செம்புழுதி, நண்பகல் வெயில். இம்மூன்றும் சேர்ந்து சில ஆண்டுகளுக்குள் வண்டியின் பளபளப்பைக் கவர்ந்துவிடுகின்றன.

மங்கிய வண்டியை உரியவர் கராஜுக்குக் கொண்டு செல்கிறார். அங்கே ஒரு பொறி இரைந்து சுழல்கிறது. சிறிது நேரத்தில் வண்டி கண்ணாடிபோல் மின்னுகிறது. உரியவரின் உள்ளமும் குளிர்கிறது. ஆனால், ஆண்டொன்று கழியுமுன் கூரையிலும் முன்மூடியிலும் வெண்திட்டுகள் தோன்றிப் பாம்பு சட்டை உரிப்பதுபோல் மேற்பூச்சு உரியத் தொடங்குவதும் உண்டு. மெருகு கொடுத்த பொறியே கேடும் விளைத்தது எங்ஙனம்? விடை காண வேண்டுமாயின், மோட்டார் வண்டியின் வர்ணம் நூறாண்டுகளில் மாறிவந்த வரலாற்றை நாம் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் மெருகு என்பது யாது? பலரும் அதனை ஒன்றைச் சேர்க்கும் செயலென எண்ணுவர். உண்மையில் அது கழிக்கும் செயலே. ஒரு பரப்பில் நுண்ணிய கீறல்கள் இருப்பின், அதன்மேல் விழும் ஒளி நாற்புறமும் சிதறும். பரப்பு மங்கித் தோன்றும். கீறலின் அடி மட்டத்துக்குச் சுற்றுப்புறத்தையும் தேய்த்துச் சமனாக்கினால், ஒளி சிதறாது நேரே திரும்பும், பரப்பு மின்னும். ஆகவே ஒவ்வொரு மெருகும் பரப்பிலிருந்து சிறிதளவேனும் எடுத்தே தீரும். மெழுகு பூசுதல் வேறு, மெருகிடல் வேறு. மெழுகு மேலே படிந்து காக்கும். மெருகு தேய்த்துக் குறைக்கும்.

இவ்வுண்மையை நமது கைவினைஞர் இயந்திரம் வருமுன்னரே அறிந்திருந்தனர். பராய் மரத்தின் இலை சொரசொரப்பானது. தச்சர் அதனைக் கொண்டு மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து மெருகிட்டனர். மைசூர்ப் பகுதியிலுள்ள சன்னபட்டணத்திலே மரப் பொம்மைகளைக் கடைசலில் சுழற்றி, தாழை மடலால் தேய்த்து மினுக்குவர். நமது நாட்டிலே மாத்தளைப் பகுதியின் அரக்கு வேலையும் புகழ்பெற்றது. கடைசலில் அரக்கிடும்போது சுழலும் மரத்தின்மீது அரக்குக் கோலை அழுத்துவர். உராய்வினால் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பத்தில் அரக்கு உருகி மரத்திற் படியும். சுழற்சி வெப்பத்தைத் தரும். வெப்பம் பூச்சை இளக்கும். அரக்கு வேலைக்கு நன்மையான இவ்வியல்பே மோட்டார் வண்டியின் பூச்சுக்குத் தீமையாவதைப் பின்னர்க் காண்போம்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதற்கெனத் தனி வர்ணம் இருக்கவில்லை. குதிரை வண்டிகளுக்குப் பூசிய எண்ணெய் வர்ணத்தையும் வார்னிஷையுமே தூரிகையால் பூசினர். ஒரு பூச்சு காய்ந்தபின் நுரைக்கல் தூளிட்டுக் கையால் தேய்த்து, மேலும் ஒரு பூச்சுப் பூசுவர். இவ்வாறு பல பூச்சுகள் முடிய வாரக்கணக்கில் ஆகும். 1913 ஆம் ஆண்டில் ஹென்றி போர்ட் நகரும் உற்பத்தி வரிசையை அமைத்து, வண்டியின் பாகங்களைப் பூட்டும் நேரத்தைப் பெரிதும் சுருக்கினார். பூட்டுவது விரைவாயிற்று, வர்ணம் காய்வதே தொழிலுக்குத் தடையாயிற்று. 1914 முதல் 1925 வரை போர்டின் ‘ரி’ மாதிரி வண்டிகள் கறுப்பு நிறத்தில் மட்டுமே வெளிவந்தன என்பது யாவரும் அறிந்த செய்தி.

இத்தடையைத் தகர்த்தது 1923 ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டூபொன்ற் நிறுவனம் வெடிமருந்துத் தொழிலில் வளர்ந்தது. வெடிபஞ்சுக்கு அடிப்படையான நைற்றிரோ செலுலோசு என்னும் பொருளிலிருந்தே அந்நிறுவனம் ‘டூக்கோ’ எனும் புதிய பூச்சை ஆக்கியது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1924 ஆம் ஆண்டுக்குரிய ஒக்லண்ட் வண்டிகளுக்கு அதனைப் பூசி, நீல நிற வண்டிகளை வெளியிட்டது. தெளிப்பானால் தெளிக்கக்கூடிய அப்பூச்சு விரைவில் காய்ந்தது. பல நிறங்களிலும் கிடைத்தது. ஆயினும் குறை ஒன்று இருந்தது. காய்ந்தபின் அது மங்கலாகவே இருந்தது. தேய்த்து மெருகிட்டால் மட்டுமே மின்னியது.

ஆக, மெருகிடும் பொறிக்குத் தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. மின் மோட்டாரின் முனையில் ஒரு வட்டத் தட்டு. அதன்மேல் ஆட்டுரோமத் துணி. அது ஒரே அச்சில் விரைந்து சுழலும். இதுவே நேர்சுழற் பொறி. ஜெர்மனியின் இஸ்ருட்கார்ட் நகரத்தில் 1922 இல் தோன்றிய அக்கர்மன் - சிமித் நிறுவனம், வளையும் தண்டு கொண்ட அராவும் பொறியை ஆக்கிப் புகழ்பெற்றது. பின்னர் 1954 இல் விரைந்து சுழலும் கோண அராவுபொறியையும் வெளியிட்டது. கையிலேந்தும் சுழற்பொறிகள் உலகெங்கும் பரவின. அக்காலப் பூச்சு தடித்தது. வெயிலில் அதன் மேற்பரப்பு சுண்ணாம்புபோல் வெளிறும். வெளிறிய படையைத் தேய்த்து நீக்கினால் அடியிலே அதே நிறம் புதிதாய்த் தோன்றும். வல்லமையோடு தேய்க்கும் பொறி அப்பூச்சுக்குப் பொருத்தமானதே.

இலங்கையில் இப்பொறிக்கு நீண்ட வாழ்வு கிடைத்தது. 1924 இல் கல்லடியிலே மானிங் சீமாட்டியின் பெயரால் பாலம் அமைந்தபின் மட்டக்களப்பின் வாகனப் போக்குவரத்து வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பிரித்தானிய வண்டிகள் நாடெங்கும் ஓடின. 1960 களில் அந்நியச் செலாவணி அருகியதனால் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இன் பின்னரே கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி இல்லை. பூச்சு தேய்ந்தால் மீண்டும் பூசினர். பூசியபின் மீண்டும் மெருகிட்டனர். ஆகவே அக்காலத் தொழிலாளர் கற்ற பாடம், ‘நன்றாக அழுத்தித் தேய், மின்னும்’ என்பதாயிற்று. அக்காலத்துக்கு அப்பாடம் பிழையன்று.

காலம் மாறியது. 1980 களில் புதிய முறையொன்று பரவலாயிற்று. அடிப்பூச்சின்மேல் மெல்லிய நிறப்பூச்சு. அதன்மேல் நிறமே இல்லாத தெளிபூச்சு. நாம் காணும் பளபளப்பு முழுவதும் இத்தெளிபூச்சினுடையதே. கீழேயுள்ள நிறத்தை வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து காப்பதும் அதுவே. இப்பூச்சுகள் யாவும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன் தடிப்பே உடையன. தெளிபூச்சு மட்டும் 35 முதல் 50 மைக்ரோன் வரை. மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோன். மயிரிழையிலும் மெல்லிய ஒரு படையே கதிரவனுக்கும் வண்டிக்கும் இடையே வேலியாய் நிற்கிறது.

இவ்வேலியைப் பழைய பொறியினால் பழைய முறையில் தேய்த்தால் நிகழ்வது யாது? அரக்கை உருக்கிய அதே உராய்வு வெப்பம் இங்கே தெளிபூச்சை இளக்குகிறது. கதவின் விளிம்பிலும் முன்மூடியின் மடிப்பிலும் பூச்சு மெல்லியதாகையால் கணத்தில் நிறம் தெரிந்துவிடும். தப்பிய இடங்களிலும் வெயிலிற் பார்த்தால் நிழல்போன்ற சுழித்தடங்கள் தெரியும். எஞ்சிய மெல்லிய பூச்சோ வெயிலைத் தாங்கமாட்டாமல் நாளடைவில் உரியும். கூரை உரிந்த வண்டியின் மர்மம் பெரும்பாலும் இதுவே. இன்னும் சிலர் இரும்பு அராவும் கிறைண்டரிலேயே ஆட்டுரோமத் தட்டை மாட்டிவிடுவர். மெருகிடும் நேர்சுழற் பொறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முதல் 3000 சுற்றுவரை சுழலும். தெளிபூச்சுக்கு 1500 அளவே போதியது. சிறிய கிறைண்டரோ 11,000 சுற்றுச் சுழலும். அது மெருகிடும் கருவியன்று. பூச்சை எரிக்கும் கருவி.

புதிய பூச்சுக்குப் புதிய பொறி வேண்டியதாயிற்று. மரம் தேய்க்கும் கருவிகளிலிருந்து ஈரியக்கப் பொறி வளர்ந்தது. அதன் இயக்கத்தை விளக்க நமது இல்லத்துக் கல்லே போதும். திரிகைக்கல் நடு முளையை அச்சாகக் கொண்டு ஒரே சீராய்ச் சுழலும். அது நேர்சுழற் பொறியை ஒக்கும். ஆட்டுக்கல்லின் குழவியோ குழியைச் சுற்றியும் வரும், தன்னைத்தானும் சுழலும். அது ஈரியக்கப் பொறியை ஒக்கும். தட்டு ஓரிடத்தையே தொடர்ந்து தேய்க்காமையால் வெப்பம் பரவித் தணிகிறது, சுழித்தடமும் குறைகிறது. கையை அழுத்தினால் அதன் தற்சுழற்சி நின்றுவிடும். இதனைச் சிலர் குறையென்பர். பழகாத கைக்கு அதுவே காவல்.

இப்பொறிகளிலும் வகையுண்டு. தட்டு நடுவிலிருந்து விலகி ஓடும் வட்டத்தின் குறுக்களவு சிலவற்றில் 8 மில்லிமீற்றர்; வேறு சிலவற்றில் 15, 21 மில்லிமீற்றர். பெரிய வீச்சு முன்மூடி, கூரை போன்ற அகன்ற பரப்புகளில் வேலையை விரைவாக்கும். வளைவுகளிலும் ஒடுங்கிய இடங்களிலும் சிறிய வீச்சே அடங்கி நடக்கும். பற்சக்கரத்தால் கட்டாயமாய்ச் சுழலும் மூன்றாவது வகையும் உண்டு. அழுத்தினாலும் அது நில்லாது. வலிமை மிகுதி, ஆகவே விழிப்பும் மிகுதியாக வேண்டும்.

இத்தெரிவு வவுணதீவு போன்ற ஊருக்கு ஏன் பெரிதாகிறது? 2020 ஆம் ஆண்டில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் அத்தடை நீங்கியது. இடையில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. வயலையும் வாடகை ஓட்டத்தையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு வண்டி என்பது பல ஆண்டு உழைப்பின் திரட்சி. முன்னைய தலைமுறையைப் போலவே இத்தலைமுறையும் இருப்பதைப் பேணக் கற்க நேர்ந்தது. ஆனால், முன்னையோரின் தடித்த பூச்சு இவர்களுக்கு இல்லை.

எனவே பொறியைத் தெரியுமுன் பூச்சை அறிதல் முறை. இரும்புத் தகட்டின்மேல் பூச்சின் தடிப்பைக் காட்டும் சிறு அளவுகருவிகள் உண்டு. 100 மைக்ரோனுக்கும் குறைவாகக் காட்டும் இடத்தில் பொறி வைக்கத் தயங்க வேண்டும். 200 இற்கு மேற்பட்டால் அவ்விடம் மீளப் பூசப்பட்டதாகலாம். பிளாஸ்ரிக் பாகங்களில் இக்கருவிகள் பொதுவாக அளவு காட்டமாட்டா. அங்கே தடிப்பு தெரியாதெனக் கொண்டு மென்மையாகவே நடத்தல் வேண்டும்.

அடுத்தது மின்சாரம். நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. யப்பானில் விற்பனையாகும் பொறி பெரும்பாலும் 100 வோல்ற்றுக்கும், அமெரிக்காவினது 120 வோல்ற்றுக்கும் உரியது. மலிவென எண்ணி வாங்கி நேரே பொருத்தினால் பொறி கருகும். வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் வசதியுள்ளதாயும், கையை வருத்தாத எடையுள்ளதாயும் இருத்தல் நலம். வண்டிக்குத் தட்டின் குறுக்களவு 125 மில்லிமீற்றர் அளவாயிருத்தல் பெரும்பாலான வேலைக்குப் போதியது.

பொறி எதுவாயினும் புழுதியை நன்கு கழுவாமல் தொடுதல் ஆகாது; கிறவல் மணல் ஒன்று தட்டில் சிக்கினாலும் அதுவே புதிய கீறல்களை இடும். முதலில் மென்மையான பஞ்சுத் தட்டும் மென்மையான பொலிஷும் கொண்டு, ஒரு முழ அகலத்தில் சோதித்துப் பார்த்தல் வேண்டும். அது போதாதபோது மட்டுமே வலியதை நாடலாம். ஆழ்ந்த கீறல் முழுவதும் மறைய வேண்டுமென அடம்பிடித்தலும் தகாது. கீறல் பாதி மறைந்து பூச்சு பிழைத்தால் அதுவே வெற்றி.

அப்படியாயின் நேர்சுழற் பொறிக்கு வேலை இல்லையா? உண்டு. வாவியில் ஓடும் கண்ணாடிநார்ப் படகுகளின் மேற்பூச்சு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடையது; அதாவது தெளிபூச்சைப்போல் பத்து மடங்குக்கும் மேல். வெயிலில் வெளிறிய அத்தகைய படகை மீட்க வலிய பொறியே தகும். பழைய முறையில் தடித்த வர்ணம் பூசிய லொறிக்கும் அது தகும். கரையிலே படகும் முற்றத்திலே வண்டியும் உடையவருக்கு, ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்கு நஞ்சாகலாம்.

நூறாண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே: பொறி தானாகச் சிறந்ததுமில்லை, தாழ்ந்ததுமில்லை. ஒவ்வொரு காலத்துப் பூச்சும் தனக்குரிய பொறியைத் தேடிக்கொண்டது. பூச்சு மாறியபின்னும் கை பழைய பழக்கத்திலேயே நின்றதனால்தான் கேடு விளைந்தது. வண்டியின் பூச்சு சேமித்து வைத்த செல்வம் போன்றது. ஒவ்வொரு மெருகும் அச்செல்வத்திலிருந்து எடுக்கும் செலவு. செலவு செய்யாமலிருக்க இயலாது. அளவறிந்து செய்தல் இயலும். அவ்வளவை அறிந்த கையில் அமைந்த பொறியே, உவர்க்காற்றும் வெயிலும் ஓயாத படுவான்கரையிலும் ஒரு வண்டியைப் பல்லாண்டு பொலிவோடு ஓடச் செய்யும்.