வாஞ்சியின் கைத்துப்பாக்கி: ஒரு குறிப்பு

இலத்தூரை அடுத்த செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. அவ்வூரினரான வாஞ்சிநாதன் 1911 சூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டு, பின்னர்த் தம்மையும் சுட்டு மாய்ந்தார். கையிலிருந்தது பெல்சிய நாட்டுப் பிரௌனிங் கைத்துப்பாக்கி. இருமுறையும் அது பொய்க்காமையை வரலாறு எழுதுவோர் நின்று நோக்குவது அரிது.

தோட்டாவின் அடியில் பிரைமர் எனும் சிறு கிண்ணம் உண்டு. ஊசி அதனை வலிந்து குத்தினாலன்றி மருந்து பற்றாது. குத்து மெலிதாயின் மேலோட்டமான பள்ளம் ஒன்றே எஞ்சும். சுருள்வில் தளர்தல், ஊசி இயங்கும் குழலில் எண்ணெயும் அழுக்கும் தடித்தல், ஊசிமுனை தேய்தல் என்பன காரணங்கள். பள்ளம் ஆழ்ந்திருந்தும் வெடியாதாயின் குற்றம் பெரும்பாலும் தோட்டாவினது. 1900-ஆம் ஆண்டுப் பிரௌனிங் வடிவிலோ, மேற்பகுதியை முன்தள்ளும் வில்லே ஊசியையும் உந்தும். அஃதொன்று தளரின் இரு தொழிலும் கெடும். சிக்கனம்தான்; ஆயினும் அஞ்சத்தக்க சிக்கனம்!

புதுச்சேரியில் வ. வே. சு. ஐயர் வாஞ்சிக்குச் சுடும் பயிற்சி அளித்தார். அதனைக் குறிபார்க்கும் பயிற்சியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கடற்காற்று வீசும் ஊரில் வில்லையும் தோட்டாவையும் சுட்டுச் சோதித்தலும் அதனுள் அடங்கும் என்பது எம் கருத்து. இரண்டாம் குண்டு வெடியாதிருப்பின் வாஞ்சி உயிருடன் பிடிபட்டிருப்பார். நீலகண்ட பிரமச்சாரி முதலிய பதினால்வர் மீது நடந்த வழக்கில் அவர் வாய்மொழியும் கேட்கப்பட்டிருக்கும்.