காக்காய்க்குக் கறுப்புக் குடை

பட்டினப்பாலையில் ஒரு கோழி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் அகன்ற முற்றம், அதில் காயப்போட்ட தானியம், அதைக் கொத்த வரும் கோழி. காவலுக்கு இருந்த பெண்ணின் கைக்குக் கல்லோ குச்சியோ எட்டவில்லை போலிருக்கிறது; காதில் கிடந்த கனத்த பொன்குழையைக் கழற்றி வீசுகிறாள். விழுந்த குழை, பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குத் தடையாகக் கிடக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்ல வந்தது ஊரின் செல்வச் செழிப்பை. ஆனால் பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் வடாமுக்குக் காவல் இருந்தவர்களுக்குக் குழை கண்ணில் படாது, கோழிதான் படும்.

காயவைத்த பண்டத்துக்கு அன்றைய பெயர் உணங்கல். நெய்தல் நிலப் பாட்டுகளில் மீன் உணங்கலைப் பறவை கொத்தாமல் காக்கும் பெண்கள் அடிக்கடி வருகிறார்கள். காதலன் பேச்சுக் கொடுக்க வருவதும் பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான். பறவை ஓட்டுவதற்கு வீட்டில் இளையவர்களை அனுப்புவது அப்போதே வழக்கமாக இருந்திருக்கிறது.

பழைய கணக்குப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். வேலூரில் வைகாசி மத்தியானம் தெருவில் இறங்கியவர்கள் இந்த 'இள'வை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்கும் கொல்லைக்கும் வசந்தம் பங்குனியிலேயே வந்துவிடும். வேம்பு பூக்கும், மாமரத்தில் வடு தொங்கும், மல்லிகை விலை இறங்கும். இரவில் வேப்பமரத்தடியில் பழைய புடவை ஒன்றை விரித்துவிட்டுப் படுத்தால், காலையில் அது நிறையப் பூ உதிர்ந்திருக்கும். அதில் ஒரு பிடி சித்திரை முதல் நாள் மாங்காய், வெல்லத்தோடு பச்சடிக்குப் போகும். மிச்சம் காய்ந்து டப்பாவுக்குள் போய், வருஷம் முழுக்க ரசத்தில் மிதக்கும். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் கொத்தவரங்காயும் முறத்தில் ஏறுவதும் இந்த வெயிலுக்குத்தான்.

ஆனால் கோடையின் பெரிய வேலை வடாம்தான். சில வீடுகளில் வடாம், சில வீடுகளில் வடகம், கொங்கிலும் தெற்கிலும் பல வீடுகளில் கூழ் வத்தல். பெயர் எதுவானாலும் அடுப்பு விடிவதற்கு முன்பே எரிய வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கூழ் மாடிக்குப் போயாக வேண்டும். முந்தின நாள் ஊறவைத்து அரைத்த அரிசிமாவைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டுக் கட்டி தட்டாமல் கிளறுவார்கள். பச்சைமிளகாயும் பெருங்காயமும் உப்பும் அரைத்துச் சேர்ப்பார்கள். உப்பு மட்டும் நாக்குக்குச் சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும், காய்ந்தபின் ஏறிவிடும். கையைத் தண்ணீரில் நனைத்து மாவைத் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். பிறகு பழைய வேட்டியை விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, கரண்டியால் வட்ட வட்டமாக விடுவதோ, நாழியில் போட்டுப் பிழிவதோ அவரவர் வீட்டு வழக்கம். பக்கத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தால் காக்காய் கிட்டே வராது என்று நம்பிக்கை. காக்காய்களுக்கு இந்த நம்பிக்கை முழுதாகக் கிடையாது.

மத்தியானம் மூன்று மணிக்கு வடாம் ஒரு விசேஷ நிலையில் இருக்கும். மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே இன்னும் கூழ். காவல் இருக்கிற பிள்ளைகளுக்குச் சம்பளம் அதுதான். ஓரத்து வரிசை எப்போதும் குறைவாகவே கீழே இறங்கும். பழி காக்காய் மேல் போகும். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு முதுகில் தண்ணீர் தெளித்தால் வடாம் கிழியாமல் உரிந்து வரும். இன்னும் இரண்டு வெயில் கண்டதும் ஒடித்தால் சடக்கென்று ஒடியும். வெந்து இறுகிய மாவில் மிஞ்சிய சிறு ஈரம், கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் ஆவியாகி உப்புகிறது. வடாம் பொரிவதன் ரகசியம் அவ்வளவுதான். அந்த ஈரம் கூடினால் டப்பாவில் பூசணம் பூக்கும்.

இத்தனையும் பாட்டிக்குப் பாட்டி காலத்து வழக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முறை பழையதுதான். முறத்தில் இருக்கும் சரக்கைப் பார்த்தால்தான் சந்தேகம் வருகிறது.

மிளகாயை எடுத்துக்கொள்ளலாம். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கி, அதன் பின்னே போர்ச்சுகீசியக் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகே அது இந்தப் பக்கம் வந்தது. அதுவரை காரம் என்றால் மிளகு. வந்தவனுக்கு மிளகின் பெயரிலேயே மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மதுரைக்குத் தெற்கே மளிகைக் கடையில் வெறுமனே 'வத்தல்' என்று கேட்டால் காய்ந்த மிளகாயைத்தான் நிறுத்துக் கொடுப்பார்கள். கீறிய மிளகாயை உப்புப் போட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் காயவைத்து, மறுபடி அதே மோரில் போட்டு, அது வெளுத்துப் போகும் வரை விடாத மோர்மிளகாய், அந்த வெளியூர்க்காரனை உள்ளூர்ப் பக்குவத்துக்குப் பழக்கிய விதம்.

ஜவ்வரிசி வடாமின் வயது இன்னும் குறைவு. பழைய ஜவ்வரிசி மலாய்த் தீவுகளில் வளரும் சாகு என்ற பனையின் நடுத்தண்டிலிருந்து எடுத்த மாவு. கடல்வழியாக வந்த சரக்கு. இன்று நாம் வாங்குவது மரவள்ளிக் கிழங்கு. அதன் பூர்வீகம் பிரேசில் பக்கம். அதைக் கேரளக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஏழைகளின் சாப்பாடாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோயின. சேலத்து மாணிக்கம் செட்டியாருக்குக் கருவாட்டு வியாபாரம்; அதற்காகக் கேரளத்துக்குப் போய்வருகிறவர். அங்கே பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். ஷாவுக்குக் கிழங்கிலிருந்து மாவெடுக்கும் வித்தை தெரியும். 1943இல் இருவரும் சேலத்தில் கைவேலையாகவே தொழிலைத் தொடங்கினார்கள்.

கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் படிந்த ஈரமாவை உடைத்துத் துணித்தொட்டிலில் போட்டு ஆட்டினால் மணி மணியாக உருளும். அதைச் சூடான தகட்டில் வாட்டி, பரந்த சிமெண்டுக் களத்தில் வெயிலில் காயவைப்பார்கள். ஆக, மாடியில் காயும் ஜவ்வரிசி வடாம் ஏற்கெனவே ஒரு முறை சேலத்து வெயிலில் காய்ந்தது. ஆலை முதலாளிகள் 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதில் பெரும்பங்கு விரதநாள் கிச்சடிக்காக மகாராஷ்டிரத்துக்கும் வடக்கேயும் லாரி ஏறுகிறது. நம் வடாமுக்கும் பாயசத்துக்கும் போவது கொஞ்சம்தான்.

மொட்டைமாடியும் பழையதில்லை. கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் முற்றமும் களமும் கயிற்றுக் கட்டிலும்தான் காயப்போடும் இடம், பட்டினப்பாலை வீட்டில் இருந்தது போலவே. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் அடுக்கிக் கட்டிய 'மெட்ராஸ் டெரஸ்' தளமும், அதன்பின் கான்கிரீட்டும் பரவியபோதுதான் சாதாரண வீட்டுக்கும் தலைக்குமேல் ஒரு களம் கிடைத்தது. கோழித் தொல்லை அதோடு ஒழிந்தது. காக்காய்க்கு மாடி என்ன, முற்றம் என்ன.

வெயிலில் காய்ந்ததில் ஒன்று கடல் கடந்தும் போயிருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை சேர்த்து உருட்டி, விளக்கெண்ணெய் தடவிப் பல நாள் காயவைக்கும் தாளிப்பு வடகத்தைப் புதுச்சேரியில் வடவம் என்பார்கள். அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் அதன் வாசனையை ஊருக்கும் எடுத்துப்போனார்கள். பாரிஸ் சமையல்காரர்கள் 'வடுவான்' என்ற பெயரில் மீன் மேல் தூவும் மசாலா அதுதான். யாழ்ப்பாணத்திலோ வேப்பம்பூவையே உளுந்தோடும் வெங்காயத்தோடும் பிசைந்து வடகமாகத் தட்டிவிடுகிறார்கள். கசப்பைப் பொரித்துச் சோற்றோடு கடித்துக்கொள்ளும் அந்தத் துணிச்சல் இக்கரையில் குறைவு.

மாடியில் காயவைத்ததை விற்றும் பிழைக்கலாம் என்று காட்டியது பம்பாய். 1959 மார்ச் 15 அன்று கிர்காமில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் 7 பெண்கள், கடன் வாங்கிய 80 ரூபாயை வைத்து அப்பளம் இட்டார்கள். அதுதான் பின்னால் லிஜ்ஜத் அப்பள நிறுவனம் ஆனது. தமிழ்நாட்டில் இன்று மகளிர் குழுக்கள் வடாம் போட்டுப் பாக்கெட்டில் அடைத்து விற்கின்றன. வாங்குகிறவர்களில் பலர் அடுக்குமாடிவாசிகள். அவர்களுடைய மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடக்கிறது, சாவி காவலாளியிடம். பால்கனியில் துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே ஒரு முறம் வைக்க இடம் இருந்தால் மோர்மிளகாய் மட்டும் போடுகிறார்கள். வெயில் அங்கே காலை பத்து மணி வரைதான் விழுகிறது. காக்காயைக் காணோம், புறா வருகிறது.