புகைக் கருவிகளும் நம்மவர் கைவேலையும்

நமது சஞ்சிகையிலே புகையிலைச் சம்பந்தமான ஒரு வியாசத்தைக் காணும் அன்பர்களிற் சிலர் புருவம் நெரிப்பர் என்பதை யாம் அறிவோம். கல்வியையும் ஒழுக்கத்தையும் வளர்க்க ஏற்பட்ட சங்கத்தின் ஏட்டில் சுருட்டுக்கும் உக்காவுக்கும் இடம் ஏது என்று அவர்கள் வினவுவது நியாயமே. புகையிலை உடலைக் கெடுப்பது. அதனைத் தீண்டாதவரும் தீண்டிப் பின் கைவிட்டவரும் பாக்கியசாலிகள். இதில் எமக்கு வேறு அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஈண்டு எடுத்துக்கொண்ட விஷயம் புகையிலையன்று. அதனைப் பற்றவைக்கவும், பொதிந்து வைக்கவும், வாயிற்கொள்ளவும் நம் நாட்டில் வழங்கிய கருவிகளேயாம். அவற்றைச் செய்தவர் யார்? எஃகை அடித்தவர் கொல்லர். செம்பையும் பித்தளையையும் வார்த்தவர் கன்னார். வெள்ளியில் உருவம் எழுப்பியவர் தட்டார். விசுவகர்ம குலத்தினராகிய நம்முடைய பாட்டன்மார் கைப்பட்ட பொருள்கள் அவை. புகைத்தவன் போனான், புகையும் போயிற்று; கருவி மட்டும் சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய வீடுகளின் பரண்மேற் கிடக்கின்றது. அதுவும் இப்பொழுது எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றது.

புகையிலை நம் தேசத்துச் செடியன்று. அமெரிக்க நாடுகளிலிருந்து போர்த்துக்கேசியர் வாயிலாக இங்கு வந்தது. அக்பர் பாதுஷாவின் ஊழியராகிய அஸத் பேக் என்பவர் பிஜாப்பூருக்குத் தூது சென்று மீண்டபொழுது, ஏறக்குறைய 1604-ம் ஆண்டில், இதனைப் பாதுஷாவின் திருமுன் வைத்த செய்தியை அவரே எழுதி வைத்திருக்கிறார். கவனிக்கத்தக்கது யாதெனில், அவர் இலையை மட்டும் கொணர்ந்தாரில்லை. அச்சின் தேசத்து மூன்று முழக் குழல் ஒன்று, இரு முனையும் மணிகள் பதித்து மீனாக்கம் செய்தது. ஏமன் நாட்டுக் கோமேதக வகைக் கல்லிற் கடைந்த வாய்முனை. நெருப்பு வைக்கப் பொற்கிண்ணி. இவ்வளவையும் தட்டில் ஒழுங்குபட அடுக்கி வைத்தார். பாதுஷா சில தரம் இழுத்துப் பார்க்க, அரண்மனை வைத்தியர் தடுத்தனர். அதே 1604-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதினார். ஜஹாங்கீர் 1617-ல் புகைபிடித்தலைத் தடுத்து ஆணையிட்டார். அரசரும் வைத்தியரும் கூடித் தடுத்தும் அது நில்லாமற் பரவியதற்குக் காரணம் பல கூறலாம். கருவியின் அழகும் அவற்றுள் ஒன்று என்பது எமது எண்ணம்.

வட நாட்டில் உக்கா ஓங்கிற்று. தமிழ் நாட்டிலோ ஏழை எளியவர்க்குச் சுருட்டே உரியதாயிற்று. ஆங்கிலேயர் இன்றைக்கும் வழங்கும் ‘செரூட்’ என்னும் சொல் நமது ‘சுருட்டு’ என்பதன் திரிபேயாம். யூல், பர்னல் என்னும் இருவர் 1886-ல் வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியிலும் இது காணலாம். திருச்சிராப்பள்ளிச் சுருட்டும் உறையூர்ச் சுருட்டும் கடல் கடந்து பெயர் பெற்றன. கோனன் டாயில் என்பார் 1887-ல் எழுதிய முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவோன் தரையிற் கிடந்த சாம்பலைக் கண்டே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறான். நாமக்கல் தாலூகா 1910 முதல் 1929 வரை திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே சேர்ந்திருந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். 1997-ல் தனி ஜில்லாவான ஊருக்கு இப்படியும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. காவிரிக்கு இக்கரையும் அக்கரையும் அக்காலத்தில் ஒரே கச்சேரிக்குக் கட்டுப்பட்டவை.

சேகரிப்போர் அறியவேண்டிய ஒரு நுட்பம் இங்கே உண்டு. ஐரோப்பியச் சுருட்டின் ஒரு முனை மூடியிருக்கும். அதனை நறுக்கினாலன்றிப் புகை வாராது. நம் நாட்டுச் சுருட்டுக்கோ இரு முனையும் திறந்தே இருக்கும். ஆதலால் சுருட்டு நறுக்கும் சிறு கத்தரி நம் குடியானவர் வீட்டில் தோன்ற நியாயமில்லை. அப்படி ஒன்று சேலத்துப் பழைய சாமான் கடையிற் கிடைக்குமாயின், அது பெரும்பாலும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரைமார் பங்களாவிலிருந்து இறங்கியதாகவே இருக்கும். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சேர்வராயன் மலையிற் காப்பி வைத்ததன் பின்னரே அத்தகைய சாமான்கள் மலையேறின.

நம் குடியானவரின் மடியில் இருந்தது வேறு: சக்கிமுக்கி. இச்சொல் துருக்கி மொழியிலிருந்து வந்ததெனினும், பொருள் முழுதும் நம் மண்ணுக்குரியது. ஒரு கல், ஓர் எஃகுத் துண்டு, சிறிது கருக்கிய பஞ்சு. இம்மூன்றே அதன் உறுப்புக்கள். கல்லுக்குக் குறைவில்லை, வெங்கச்சங்கல் என்று நாம் கூறும் வெள்ளைக் கல் மேட்டு நிலமெங்கும் கிடக்கின்றது. பஞ்சும் அரிதன்று. அருமை எல்லாம் எஃகில் உள்ளது. வெறும் இரும்பைக் கல்லில் உரசினால் பொறி நன்கு பறவாது. கரிச்சத்து ஏறிக் கடினப்பட்ட எஃகாயிருந்தால்தான், கல்லின் கூர்முனை சீவியெடுக்கும் நுண்ணிய துகள் காற்றிற் பட்டு எரிந்து பொறியாகும். விரல் நுழையுமாறு வளைத்து, அடிக்கும் விளிம்பை மட்டும் கடினமாக்கிய ஒரு சிறு துண்டைச் செய்யத் தெரிந்தவனே கொல்லன்.

அவ்வெஃகு சேலம் நாட்டிற்குப் புதிதன்று. கஞ்சமலையின் இரும்புத் தாதை மண் உலையிலே கரியோடு இட்டு, ஆட்டுத் தோல் துருத்தியால் ஊதி, இரும்பு எடுத்து வந்தனர் நம் முன்னோர். அதனை எஃகாக்கும் முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் விவரித்துள்ளார். இவர் 1830-ல் பறங்கிப்பேட்டையிற் பெரிய இரும்பாலை தொடங்கி, அதற்குச் சேலத்துத் தாதையே நம்பியிருந்தவர். அவர் கூறும் முறை இது: இரும்புத் துண்டுகளைச் சிறு மண் மூசையில் இட்டு, உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சேர்த்து, மேலே பச்சை எருக்கிலையை மூடி, களிமண்ணால் வாயை அடைத்து உலர்த்துவர். பின் இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் வரையில் ஊதுவர். கட்டையும் இலையும் கரிந்து இரும்பினுட் கரிச்சத்தை ஏற்றிவிடும். ஆவாரையும் எருக்கும் வேலியோரத்துச் செடிகள். அவற்றைக் கொண்டு அயல் நாட்டார் வியந்த உக்கு எஃகைச் செய்தவர்களுக்கு ரசாயன சாஸ்திரம் கற்பித்த கலாசாலை எது? ஹீத் துரையின் ஆலை நஷ்டப்பட்டு மறைந்தது. மலிவான சீமை இரும்பு வந்து நம் உலைகளையும் அவித்தது. சக்கிமுக்கி எஃகு ஒன்று இன்று கையிற் கிடைத்தால், அதனை வெறும் துருப்பிடித்த வளையம் என்று எறிந்துவிடுதல் கூடாது. அது நம் உலையில் விளைந்ததா, சீமை அரத்தை உடைத்து அடித்ததா என்பதைப் பரீட்சித்துச் சொல்லும் உலோக சாஸ்திரிகள் இன்று இருக்கின்றனர்.

தீக்குச்சி வந்தது, சக்கிமுக்கி போயிற்று. ஜான் வாக்கர் என்னும் ஆங்கிலேய மருந்துக்கடைக்காரர் உரசினால் எரியும் குச்சியை 1827-ல் விற்கத் தொடங்கினார். அக்குச்சிகள் பையிலேயே பற்றிக்கொள்ளும் அபாயம் இருந்தமையால், அடியில் அரம்போல் வரிவெட்டிய சிறு உலோகக் கூடுகள் தோன்றின. வெண் பாஸ்பரஸ் கலந்த குச்சிகள் தொழிலாளரின் தாடையை அரித்தமையால், 1913-ல் இந்தியாவிலும் அவற்றைச் சட்டம் தடுத்தது. 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தது. உலோகக் கூட்டுக்கு வேலையில்லை.

இனி வெள்ளி வேலையைக் கூறுவோம். நம் மனம் சற்று நோவதும் இங்கேதான். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பாதியில், சென்னை பி. ஆர் அண்டு ஸன்ஸ் கடையார் ‘சுவாமி வேலை’ என்னும் ஒரு வகையைப் பிரசித்தப்படுத்தினர். தேநீர்ப் பாத்திரம், விலாசச் சீட்டுக் கூடு, சுருட்டுப் பெட்டி முதலிய துரைமார் சாமான்களின்மேல் நம் தெய்வ உருவங்களைப் புடைப்பாக எழுப்பியமைத்த வெள்ளி வேலை அது. வேல்ஸ் இளவரசர் 1875-76-ல் இந்தியா வந்தபோது அவ்வகைத் தேநீர்ச் சாமான்களும் காணிக்கையாகச் சேர்ந்தன. இலண்டன் ஏலங்களில் இன்றும் இவை நல்ல கிரயத்துக்குப் போகின்றன. மாட்டின்மேல் சிவபெருமானும் மயிலின்மேல் முருகனும் வீற்றிருக்கும் பெட்டியைத் திறந்து ஒரு துரை சுருட்டு எடுத்திருப்பான் என்று நினைக்க ஒரு பக்கம் நகைப்பும் ஒரு பக்கம் கூச்சமும் உண்டாகின்றன. அது நிற்க. அத்தகைய பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஆர் என்னும் கடைப்பெயர் இருக்கும். அரக்கின்மேல் தகட்டை வைத்து, உள்ளிருந்து தட்டி, புறத்திலிருந்து செதுக்கி, ஒரு திருமுகத்துக்கு ஒரு நாள் செலவிட்டவன் பெயர் இராது. இங்கிலாந்திலே வெள்ளி வேலைக்காரன் தன் முத்திரையைப் பதிக்காமற் பொருளை விற்றலாகாது என்பது நெடுங்காலச் சட்டம். நம் நாட்டிலோ பொருள் கடைக்காரனுக்கும், புகழ் வாங்கியவனுக்கும் போயின. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு இன்று பாரதமெங்கும் போகின்றது. நூறாண்டு கழித்து அதனை எடுத்துப் பார்ப்பவனும் செய்தவன் யாரென்று அறியமாட்டான்.

உக்காவைப் பற்றி அதிகம் எழுத வேண்டுவதில்லை. நம் பக்கத்தில் அது பெருவழக்காக இருந்ததில்லை. 1792 வரை இந்நாடு மைசூரின் கீழ் இருந்தமையால், சங்ககிரி முதலிய கோட்டைகளின் தளகர்த்தர்களோடு அது வந்திருக்கலாம். பீதர் நகரத்துக் கருநிறப் பாத்திரங்கள் கிடைத்தால் உருவத்தை நோக்குக: உருண்டையாயிருப்பது பழையது, மணிபோல் அடிவிரிந்தது பிந்தியது. துத்தநாகத்திற் சிறிது செம்பு கலந்து வார்த்து, வெள்ளியைப் பதித்து, பீதர்க் கோட்டை மண்ணும் நவச்சாரமும் சேர்த்துக் கறுப்பேற்றுவது அவ்வேலை. மூக்குத்தூள் டப்பிகளில் நமக்கு மிகவும் பிடித்தது உலோகமன்று; வில்வக்காய் ஓட்டைக் கடைந்து மூடி அமைத்த எளிய டப்பி. காசு செலவில்லை, கைத்திறனுக்கும் குறைவில்லை.

இனி இவை அழியும் வழியைச் சொல்லவேண்டும். திருடரால் அழிவதில்லை, நாமே அழிக்கிறோம். தாத்தா இறந்த வருஷத்தில் அவர் புகையிலைப் பெட்டியைப் பாத்திரக் கடைக்குக் கொடுத்து, எடைக்கு எடை புது எவர்சில்வர் வாங்கிவந்த வீடுகள் எத்தனை! கடைக்காரர்மேற் குற்றமில்லை, அவர் பித்தளையை வாங்கினார், நாம் பித்தளையைத்தான் கொடுத்தோம். வெள்ளிப் பெட்டியின் கதி இன்னும் கேடு. அதனை உருக்கும் தட்டானும் நம்மவனே. பேரன் பாட்டன் வேலையை மூசையிலிட்டு ஊதுகிறான்.

எடைக்குப் போடாமல் வைத்திருப்போரும் புளியிட்டுத் தேய்த்துக் கெடுத்துவிடுகின்றனர். பூஜைப் பாத்திரத்துக்குப் புளி தகும். பழம் பொருளுக்குத் தகாது. நூறாண்டிற் படிந்த கருமையே அதன் வயதுக்குச் சாட்சி. பெட்டியின் உள்ளே படிந்த புகையிலைக் கறையையும் கழுவற்க. இரும்புச் சாமானுக்கு மெஷின் எண்ணெய் மெல்லத் தடவுதல் போதும். தேங்காயெண்ணெய் நாட்பட்டுப் பிசுக்காகும். விலை கொடுத்து வாங்குவோர், மூடியின் கீல் எங்கே தேய்ந்திருக்கிறதென்று முதலிற் பார்க்க. நெடுங்காலம் திறந்து மூடிய பெட்டி விரல் படும் இடத்திலும் கீலிலும் மட்டும் தேய்ந்திருக்கும். அமிலத்திலிட்டு மண்ணிற் புதைத்துப் பழமை ஏற்றிய புதுச்சரக்கு எங்கும் ஒரே சீராக மங்கியிருக்கும். 1972-ம் வருஷத்துத் தொல்பொருட் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருளைத் தனிமனிதர் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். இவற்றில் வியாபாரம் செய்வோர் உரிமம் பெறவும் வேண்டும். அயல் நாட்டிலுள்ள மருமகனுக்குப் பரிசாகக் கொடுத்தனுப்ப எண்ணுவோர் இதனைக் கருதுக.

வீட்டுச் சாமான்களைச் சேர்ப்பது அற்பவேலை என்பாருக்குப் பூனா நகரத்துத் தினகர் கேல்கர் ஒரு விடை. அகால மரணமடைந்த தம் மகன் ராஜாவின் பெயரால், விளக்கு, பாக்குவெட்டி, வெற்றிலைப் பெட்டி என்று வீடு வீடாகத் தேடிச் சேர்த்து, இருபதாயிரம் பொருள்களுக்கு மேற்பட்ட காட்சிசாலை ஒன்றை அவர் ஏற்படுத்தினார். 1975-ல் அதனை மகாராஷ்டிர சர்க்காருக்கே ஒப்பித்துவிட்டார். பெருந்தனம் இதற்கு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், கிழவர்களோடு பொறுமையாகப் பேசும் குணமும் இருந்தால் எவரும் தொடங்கலாம்.

ஆகவே நம் அங்கத்தினர் வீடுகளில் சக்கிமுக்கி எஃகு, சுருட்டுக் கூடு, வாய்க்குழல், புகையிலைப் பெட்டி, பொடி டப்பி ஆகியவற்றுள் யாதேனும் இருந்தால், அது எவ்வூரில் எவர் வீட்டிலிருந்து வந்தது, எந்தப் பட்டறையிற் செய்தது, செய்தவர் பெயர் என்ன என்பவற்றை வீட்டுப் பெரியவர்களை இன்றே கேட்டு எழுதி, சங்கத்துக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். பொருளை அனுப்பவேண்டாம், அது அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். பெயர் தெரிந்தால் பெயரை முதலில் எழுதுக; தெரியாவிடில் ஊரையும் பட்டறைத் தெருவையுமாவது எழுதுக.