வளைமர நாற்காலியும் காட்டின் கணக்கும்

மரத்தொழிலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அழகினையும் பாணியினையுமே அளவுகோலாகக் கொண்டனர். எவ்வரசன் காலத்து இருக்கை எவ்வடிவினது என விரித்துரைத்த அவர்கள், அவ்விருக்கைக்கு மரம் தந்த காடு என்னவாயிற்று என வினவினாரல்லர். வளம் குன்றாவாறு பொருள் செய்தல் பற்றிய ஆராய்ச்சி பெருகியுள்ள இந்நாளில் அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. ஈண்டு யாம் ஆராய்வதற்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நாற்காலியின் வரலாறாகும். மைக்கேல் தோனெத் என்பாரும் அவர்தம் மைந்தரும் 1859ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய ‘எண் 14’ என்னும் வளைமர நாற்காலியே அது. சிக்கனத்திற்கு எடுத்துக்காட்டாக இதனைப் பலரும் போற்றுவர். அப்போற்றுரை எவ்வளவிற்குப் பொருந்தும், எவ்விடத்திற் பொருந்தாது என்பதைத் தெளிதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தோற்றம்

தோனெத் 1796ஆம் ஆண்டில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள போப்பார்ட் என்னும் ஊரிற் பிறந்தவர், தச்சுத்தொழிலில் வல்லவர். மெல்லிய மரத்தகடுகளை அடுக்கிப் பசையிலிட்டுக் காய்ச்சி அச்சிற் பொருத்தி வளைக்கும் முறையை 1830க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அவர் கண்டார். 1841இல் கோப்ளென்ஸ் நகரத்துப் பொருட்காட்சியில் அவர் பணியைக் கண்ட ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக், அவரை வியன்னாவிற்கு அழைத்தார். 1842இல் தோனெத் அந்நகர் சென்று தொழிலைத் தொடர்ந்தார். 1853இல் நிறுவனம் மைந்தர் பெயருக்கு மாற்றப்பெற்றது.

பசையால் இணைத்த பொருளுக்கு ஒரு குறை உண்டு. ஈரமும் வெப்பமும் மிக்க நாடுகளில் பசை இளகித் தகடுகள் பிரியும். ஆகவே பசையை நீக்கி, முழு மரக்கோலையே வளைக்கும் வழியைத் தோனெத் நாடினார். இம்முறைக்கு 1856ஆம் ஆண்டில் அரசு 13 ஆண்டுத் தனியுரிமை வழங்கிற்று. அவ்வாண்டிலேயே, இன்று செக் குடியரசைச் சார்ந்துள்ள மொராவியாவின் கொரிச்சான் என்னும் ஊரில், பீச் மரக்காடுகளின் நடுவே தொழிற்சாலை எழலாயிற்று.

2. அறுத்தலும் வளைத்தலும்

பழைய தச்சர் வளைந்த காலோ முதுகோ செய்யவேண்டின், அகன்ற பலகையிலிருந்து அவ்வடிவை அறுத்தெடுப்பர். இதனால் இரு இழப்புகள் நேரும். ஒன்று, பலகையின் பெரும்பகுதி கழிவாகும். மற்றொன்று, வளைவு திரும்புமிடத்தில் மரத்தின் இழை குறுக்கே வெட்டுண்டு வலிமை குன்றும். அவ்வலிமையை ஈடுசெய்ய உறுப்பைத் தடிப்பாக அமைத்தல் வேண்டும்.

வளைமர முறையில் இழை வளைவின் வழியே தொடர்ந்து செல்கின்றது. எனவே மெல்லிய கோலும் பாரந்தாங்கும். இதன் நுட்பம் வருமாறு: நேரான பீச் மரக்கோலைக் கடைந்து நீராவியில் வேகவைப்பர். வளைக்குங்கால் கோலின் புறப்பக்கம் நீளவும் உட்பக்கம் சுருங்கவும் முற்படும். நீராவியில் வெந்த மரம் சுருக்கத்தைப் பொறுக்கும். நீட்சியைப் பொறாது பிளக்கும். ஆகவே புறப்பக்கத்தே உலோகப் பட்டையொன்றைப் பிணைத்து நீட்சியைத் தடுத்துப் பின் இரும்பு அச்சில் வளைத்து உலரவைத்தனர். விறகிற்கும் கரிக்கும் பெரிதும் பயன்பட்டுவந்த பீச் மரம், இம்முறையால் உலகெங்கும் விலைபோகும் பொருளாயிற்று.

3. ஆறு உறுப்புகள்

எண் 14 நாற்காலியில் மர உறுப்புகள் ஆறே. பின்கால்கள் இரண்டும் முதுகின் வெளிவளைவும் ஒரே கோல், உள்வளைவு ஒன்று, இருக்கை வளையம் ஒன்று, முன்கால்கள் இரண்டு, கால்களைப் பிணிக்கும் வளையம் ஒன்று. இவற்றை இணைப்பன 10 திருகுகளும் 2 மரைகளுமாம். பிரித்து அடுக்கின் ஒரு கன மீட்டர் அளவுள்ள பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். விற்குமிடத்தில் அவற்றைப் பூட்டிக்கொள்வர்.

இவ்வமைப்பாற் கப்பற்கூலி குறைந்தது என்பதைப் பலரும் எழுதியுள்ளனர். அதனினும் சிறந்த பயன் ஒன்றுண்டு. திருகினால் இணைந்தது திருகினாற் பிரியும். ஒரு கால் முறியின் அக்கால் மட்டும் மாற்றப்படும்; பிரம்பு இருக்கை நைந்தால் மீண்டும் பின்னப்படும். பழுதுபார்த்தற்கு எளிதாதலே இந்நாற்காலியின் நெடுவாழ்விற்குக் காரணம் என்பது எம் கருத்து. எனினும் அப்பிரம்பு மொராவியாவில் விளைவதன்று. தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து சென்றது. அதனை விடுத்துக் கணக்கிடுவோர் பாதிக் கணக்கே காட்டுவர்.

4. காட்டின் கணக்கு

இனி மறுபக்கத்தை நோக்குவாம். ஒவ்வொரு நாற்காலிக்கும் செல்லும் மரம் குறைந்தது. அதனால் விலையும் குறைந்தது. விலை குறையவே வாங்குவோர் பெருகினர். 1869இல் தனியுரிமை முடிந்ததும் கோன் நிறுவனத்தார் முதலிய பலர் இத்தொழிலிற் புகுந்தனர். 1930ஆம் ஆண்டளவில் எண் 14 நாற்காலி மட்டும் 5 கோடி செய்யப்பட்டதாகக் கணக்கிட்டுள்ளனர். மேலும், வளைப்பதற்கு உரியது கணுவற்ற, இழை நேரான மரமே. ஆதலின் வெட்டிய மரம் முழுதும் நாற்காலியாவதில்லை. ஓர் இருக்கையின் சிக்கனம் வேறு; ஒரு தொழிலின் சிக்கனம் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

காட்டைக் காக்கும் சிந்தனை அந்நிலப்பகுதிக்குப் புதிதன்று. சாக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரியாகிய ஹான்ஸ் கார்ல் ஃபோன் கார்லோவிட்ஸ், சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரம் அருகிவருதல் கண்டு, வளரும் அளவிற்கே வெட்டுதல் வேண்டும் என்னும் கொள்கையை 1713ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். ஆஸ்திரியப் பேரரசின் 1852ஆம் ஆண்டு வனச்சட்டம், வெட்டிய காட்டில் மீண்டும் மரம் வளர்த்தலைக் கட்டாயமாக்கிற்று. கொரிச்சான் தொழிற்சாலை எழுந்தது இச்சட்டம் பிறந்த சில ஆண்டுகளிலேயாம். எனவே தோனெத்தின் சிக்கனத்தைத் தனியொருவர் திறமாக மட்டும் கொள்ளாது, இச்சட்டத்தின் துணையோடும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

ஆயின் மீண்டும் வளர்க்க வேண்டுமென்பது வேறு. அதே மரத்தை வளர்க்க வேண்டுமென்பது வேறு. 19ஆம் நூற்றாண்டில் நடு ஐரோப்பாவின் பல பகுதிகளில், பீச் முதலிய அகன்ற இலை மரங்கள் நின்ற நிலத்தில், விரைந்து வளர்ந்து வருவாய் தரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரமே நடப்பட்டது. பரப்பளவிற் காடு குறையவில்லை. காட்டின் இயல்பு மாறிற்று. ஒரே இன மரம் செறிந்த அக்காடுகள் புயலுக்கும் பட்டைவண்டிற்கும் எளிதில் இரையாவதைப் பிற்காலம் கண்டது. இம்மாற்றத்திற்கு நாற்காலித் தொழிலே காரணம் என்று யாம் கூறவில்லை. வனத்துறையின் வருவாய் நோக்கே முதற்காரணம். ஆயினும் தொழிற்சாலையின் சிக்கனம் அம்மாற்றத்தைத் தடுக்க வல்லதாய் இருந்திலது என்பது உறுதி.

5. முடிவு

மேற்கூறியவற்றால், மரத்தளவாடம் ஒன்றை மதிப்பிடுதற்கு மூன்று வினாக்கள் வேண்டுமென்பது போதரும். வெட்டிய மரத்தில் எத்துணைப் பகுதி பொருளாகின்றது? ஆகிய பொருள் எத்துணைக் காலம் பழுதுபார்க்கப்பட்டு வாழ்கின்றது? வெட்டிய இடத்தில் எம்மரம் மீண்டும் வளர்கின்றது? முதலிரண்டிற்கும் எண் 14 நாற்காலி பெரிதும் நல்விடை தருகின்றது. மூன்றாவதற்கு விடை நாற்காலியில் இல்லை, காட்டில் உள்ளது. ஆகலின் தளவாட வரலாறு எழுதுவார், வணிகர்தம் விலைப்பட்டியலோடு வனப்பதிவேட்டையும் உடன்வைத்துப் படித்தல் கடன். ஒன்றை மட்டும் படித்தவர் தச்சனைப் புகழ்வர், அன்றேல் பழிப்பர்; இரண்டையும் படித்தவரே உண்மை காண்பர்.